ஒரு சாண் வித்தியாசம்

தோவாளை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய். பிள்ளைக்குக் காது மூடித் தொப்பி போடு.

மாடியில் நான் கட்டுகிற சின்ன ரயிலுக்குக் கடைத் தண்டவாளம் போட்டால் என்ன என்று காலையில் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "மூணு மில்லிமீட்டர்கூட வராதுப்பா, அதை யாரு பார்க்கப் போறா? இங்கே கடையில தண்டவாளம் ரெடியாவே கிடைக்குது. ஒரு பெட்டி நிறைய அனுப்புறேன், ஒரு மாசத்துல முடிச்சிடலாம்" என்றாய். நான் "பார்க்கலாம் மக்கா" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் போனில் பேசும்போது கணக்கு வாயில் வராது. தாளும் பேனாவும் இருந்தால் வரும். அதனால்தான் சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். லீவு நாளில் படி.

முதலில் கணக்கு. மாடியில் நான் கட்டுவது எச்.ஓ. அளவு. நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது மேசையில் 1 மில்லிமீட்டர். இந்த அளவுக்கென்று கடைகளில் விற்கிற தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87 ஆல் பெருக்கிப் பார், 1435 வரும். நீ தினமும் வேலைக்குப் போகிற ரயிலின் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள அகலம், அதுதான். நம்முடையது 1676. அதை 87 ஆல் வகுத்தால் 19.26. ஆக, கடையில் கிடைப்பதற்கும் நமக்கு வேண்டியதற்கும் மேசையில் 2.76 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு நெல்லின் அகலம். நீ சொன்னது சரிதான்.

அதே வித்தியாசத்தை லைனில் போய் நின்று பார். 241 மில்லிமீட்டர். கையை விரித்து வைத்தால் ஒரு சாண், அதற்கு மேலும் கொஞ்சம். ரயில்வேயில் கேஜ் சில மில்லிமீட்டர் விலகினாலே சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு, கேங் தலைவர் மேட்டிடம் சொல்லி, அன்றைக்கே சரி பண்ண வைத்துப் பழகிய கை இது. ஒரு சாண் குறைந்த லைனை என் பேரனிடம் காட்டி, இதுதான் நம்ம ஊர் ரயில் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் செய்து பார்க்காமல் சொல்கிறேன் என்று நினைக்காதே. போன தடவை நீ வந்தபோது மேசையில் கிடந்தது 16.5 தானே? நீயே இரண்டு துண்டு மாட்டிக் கொடுத்தாய். நீ திரும்பிப் போன பிறகு அந்த நீலப் பெட்டிகள் எட்டும் வந்து சேர்ந்தன. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்த பெட்டியின் மாதிரி, கருநீலத்தில் வெளிர்நீலப் பட்டை போட்டது. பெட்டியின் வேலை அருமை. ஜன்னல் கம்பிகூட ஒவ்வொன்றாகத் தெரியும். நிஜப் பெட்டியின் அகலம் 3245 மில்லிமீட்டர். எச்.ஓ. கணக்கில் 37. அந்த அகலத்தைச் சரியாகச் செய்துவிட்டு, அடியில் மட்டும் 16.5 சக்கரம் வைத்திருக்கிறார்கள். உலகத்துக்கே ஒரே தண்டவாளம் விற்கிறபோது அவர்களும் வேறு என்ன செய்வார்கள்? பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் குனிந்து, பிளாட்பாரத்துக்குக் கீழே நின்று வண்டி வருவதைப் பார்க்கிற மாதிரி, நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்த்தேன். அகலமான உடம்பு, கீழே ஒட்டிய கால். 35 வருஷம் எதிரே வருகிற வண்டியை அப்படித்தான் பார்த்திருக்கிறேன் மக்கா. எனக்கு அது பழகிய முகம். முகம் மாறியிருந்தது.

மறுநாள் காலையில் தண்டவாளம் முழுவதையும் கழற்றினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கட்டங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒருதடவை எழுதி வைக்கிறேன். 1979 ல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு முதல் வண்டி வந்தபோது எனக்கு 19 வயது. நம் ஜில்லாவில் அதுவரை ரயில் கிடையாது. வயசானவர்கள் சிலர் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக என்ஜினைப் பார்த்தார்கள். அடுத்து நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு லைன் போட்டார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் கூலிக்கு மண் சுமந்தவர்களில் நானும் ஒருவன். 1981 ல் அந்த லைன் திறந்தது. அப்போது மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தது மீட்டர் கேஜ் வண்டி. நம் பக்கம் மீட்டர் கேஜ் ஒருநாளும் ஓடியதில்லை. 1853 ல் பம்பாயிலிருந்து தானேக்கு ஓடிய முதல் வண்டி எந்த ஐந்தடி ஆறு அங்குலத்தில் ஓடியதோ, அதே ஐந்தடி ஆறு அங்குலத்தில்தான் கன்னியாகுமரிக்கும் முதல் வண்டி வந்தது. நமக்கு ரயில் என்றால் முதலிலிருந்தே அகலப்பாதை.

அப்புறம் 1985 ல் லைனைப் பராமரிக்கிற கேங்மேன் வேலை நிரந்தரமானது, பிறகு கீமேன். தோளில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, பையில், ஆபத்தென்றால் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கிற டெட்டனேட்டர் வெடி. எனக்கென்று கொடுத்த தூரத்தை தினமும் நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்குகிற ஒவ்வொரு கீயையும், இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற ஃபிஷ் பிளேட்டையும் பார்க்க வேண்டும். இறுக்கமான கீயைத் தட்டினால் ஒரு சத்தம், தளர்ந்ததைத் தட்டினால் வேறு சத்தம். ஐப்பசி மழையில் ராத்திரி பட்ரோல். உன் பள்ளிக்கூட ஆண்டுவிழா எத்தனையோ அந்த மழைக்காலத்தில் வந்து போனது. ஒன்றுக்கும் நான் வந்ததில்லை. அது எனக்கு இப்போதும் மனசில் கிடக்கிறது.

சரி, மாடி விஷயத்துக்கு வருகிறேன்.

அறையின் நீளம் 22 அடி, அகலம் 12 அடி. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை லைனின் நீளம் சுமார் 87 கிலோமீட்டர். நம் அளவும் 87 க்கு 1. அப்படியென்றால் முழு லைனையும் ஒரு அங்குலம் குறையாமல் போட ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். இந்தக் கணக்கு வந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு கிலோமீட்டர்தானே, தெருவின் இந்த முனையிலிருந்து பூச்சந்தை வரை! ஆனால் அறைக்குள் எவ்வளவு சுற்றினாலும், யார்டையும் சேர்த்து, 42 மீட்டருக்கு மேல் வராது. அதனால் எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் பெரிய வேலையாகப் போய்விட்டது. தண்டவாளம் போடுவதைவிட அதற்குத்தான் அதிக நாள் ஆனது.

ஆரல்வாய்மொழி, தோவாளை, நாகர்கோவில் ஜங்ஷன், கன்னியாகுமரி. இந்த நாலையும் விட முடியாது. திருவனந்தபுரமும் திருநெல்வேலியும் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கும் படம் வரைந்த படுதாவுக்கும் நடுவில் மூன்று லைன் போட்டு, வண்டி அங்கே போய் மறைந்து நின்று, நேரம் வந்ததும் திரும்பி வரும். நாங்குநேரி, வள்ளியூரெல்லாம் போய்விட்டது. இரணியலை விட எனக்கு மனசில்லை, இருந்தாலும் விட்டேன். குழித்துறையையும் விட்டேன். அப்போதுதான் அம்மா மாடிக்கு ஏறி வந்தாள். "நான் பிறந்த ஊர் இல்லாம என்ன ரயில் போடுறீங்க? ஆத்துப் பாலமாவது இருக்கணும்" என்றாள். நியாயம்தான். தெற்குச் சுவர் வளைவில் இரண்டடி ஒதுக்கித் தாமிரபரணிப் பாலத்தை வைத்தேன். திருநெல்வேலித் தாமிரபரணி இல்லை, நம் குழித்துறைத் தாமிரபரணி. பேரனிடம் இரண்டும் வேறு வேறு ஆறு என்று சொல்லிக்கொடு.

வண்டியின் நீளத்தையும் குறைக்க வேண்டியதாயிற்று. 22 பெட்டி கோத்த எக்ஸ்பிரஸ் ஒன்றை அப்படியே வைத்தால், என்ஜினோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 6 மீட்டர் வரும். அறையின் நீளமே அவ்வளவுதான். எட்டுப் பெட்டி போதும் என்று முடிவு செய்தேன். வளைவுகளுக்கு ஆரம் 75 சென்டிமீட்டர். அதற்குக் குறைத்தால் ஓரத்துப் பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே பிதுங்கி நிற்கிறது. நீளத்தைக் குறைக்கிறாய், ஊர்களைக் குறைக்கிறாய், கேஜை மட்டும் ஏன் குறைக்கக் கூடாது என்று நீ கேட்பாய். பெட்டி குறைவாக உள்ள வண்டியும் நம் லைனில் ஓடுகிறது. 1435 ல் ஒரு வண்டியும் ஓடுவதில்லை.

நாகர்கோவில் ஜங்ஷன்தான் என்னை அதிகம் படுத்தியது. அந்த ஜங்ஷனின் அமைப்பு உனக்கு நினைவிருக்கும். திருவனந்தபுரம் லைனும் திருநெல்வேலி லைனும் ஒரே பக்கத்திலிருந்து உள்ளே வரும், மறுபக்கம் கன்னியாகுமரிக்குப் போகும். திருநெல்வேலியிலிருந்து வந்து திருவனந்தபுரம் போகிற வண்டி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டால், என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். அது இல்லாமல் போகத்தான் டவுன் ஸ்டேஷன் வழியாக பைபாஸ். மூன்று லைனும் சேர்ந்து ஒரு முக்கோணம். லைனில் நடக்கும்போது அதில் ஒரு சிக்கலும் இல்லை. மேசையில் இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடுகிறது, ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். முக்கோணத்தைச் சுற்றி வந்து பார்த்தால், இடதுபக்கத் தண்டவாளம் வலதுபக்கத்தோடு போய்ச் சேர்கிறது. பவர் போட்டதும் ஷார்ட். நாலு நாள் எங்கே தவறு என்று தேடினேன். ஒரு ஒயரையும் பிசகாமல்தான் கொடுத்திருக்கிறேன், லைனின் வடிவமே ஷார்ட் என்று ஐந்தாவது நாள்தான் புரிந்தது. பைபாஸ் துண்டை மட்டும் இரண்டு முனையிலும் வெட்டிப் பிரித்து, ஆறு முனை உள்ள ஒரு ஸ்விட்ச் வழியாகத் தனியாக மின்சாரம் கொடுத்தேன். வண்டி அந்தத் துண்டுக்குள் முழுசாக வந்ததும் ஸ்விட்சைத் திருப்ப வேண்டும். அப்போது கிடந்தது பழைய 16.5 லைன். அன்று ராத்திரி முதல்முறையாக ஷார்ட் இல்லாமல் என்ஜின் முக்கோணத்தைச் சுற்றி வந்தபோது அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன்.

அதற்கும் முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது, உன்னிடம் சொல்லவில்லை. முதலில் போட்ட மேசைப் பலகை தப்பிப்போனது. டவுனில் ஒரு கடையில் நல்ல பிளைவுட் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நானும் நம்பி வாங்கினேன். ஐப்பசி மழையில் தண்டவாளம் போட்டேன். பங்குனி வந்தபோது தோவாளைக்கு இந்தப் பக்கம் மூன்று மீட்டர் லைன் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. வெயிலில் தண்டவாளம் நீளும், நெளியும் என்று கோடைக் காவல் நடந்தவன் நான். அதுதான் என்று நினைத்தேன். அளந்து பார்த்தால் தண்டவாளம் நீளவே இல்லை. மழையில் ஈரம் குடித்து உப்பியிருந்த பலகை வெயிலில் சுருங்கிவிட்டது. தண்டவாளத்துக்குப் போக இடமில்லாமல் பக்கத்தில் தள்ளிக்கொண்டது. பிறகு ஆசாரியைக் கூட்டிவந்து மரைன் பிளைவுட் போட்டோம். அடிப்பக்கம், வெட்டு விளிம்பு எல்லாம் சேர்த்து இரண்டு கோட் பெயின்ட். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒரு தபால் கார்டின் தடிமனுக்கு இடைவெளி விட்டேன். இரண்டு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிட்டது, அசையவில்லை.

இனி லைன் போடுகிற வேலை. இதை எழுதத்தான் கை துடிக்கிறது.

தண்டவாளக் கம்பி மட்டும் நீளமாக வாங்கிக்கொண்டேன். நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பித்தளையில் விலை குறைவு, ஆனால் நம் ஊர் ஈரத்துக்குக் களிம்பு ஏறி வண்டி நின்று நின்று போகும். கம்பியின் உயரத்தைக் கோட் என்கிறார்கள், ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கிச் சொல்கிற கணக்கு. கோட் 70 என்றால் 1.78 மில்லிமீட்டர். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள எங்கள் தண்டவாளத்தின் உயரம் 156 மில்லிமீட்டர், 87 ஆல் வகுத்தால் 1.79! இதைப் பார்த்ததும் எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? 60 கிலோ தண்டவாளம் 172, அதற்குக் கோட் 75 கிட்டத்தட்ட வருகிறது. மெயின் லைனுக்கு 75, ஸ்டேஷனில் வண்டி ஒதுங்கி நிற்கிற லூப் லைனுக்கும் யார்டுக்கும் 70 போட்டிருக்கிறேன். மேசையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முடி அளவுதான். விரலால் தடவினால் எனக்குத் தெரிகிறது.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற ஸ்லீப்பர் கட்டைகளின் கணக்கு இன்னும் பெரிசு. நிஜத்தில் கிலோமீட்டருக்கு 1660 காங்கிரீட் ஸ்லீப்பர். நம் 42 மீட்டருக்கு ஆறாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் 31.6 மில்லிமீட்டர் நீளம். ஆசாரி அயனிப் பலகையை மெல்லிசாகச் சீவிக் கொடுத்தார், நான் வெட்டிச் சாம்பல் நிறம் அடித்தேன். ஐந்தாறு கட்டைக்கு ஒன்று மரத்துக்குப் பதில் செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டு. அந்தச் செம்பில் தண்டவாளத்தை வைத்து சால்டர் செய்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும், கேஜ் விலகாது. செம்பை நடுவில் அறுத்துவிட மறக்கக் கூடாது, மறந்தால் இரண்டு தண்டவாளமும் சேர்ந்து ஷார்ட். கேஜுக்கு வடசேரி லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு கட்டை கடைந்து வாங்கினேன். சால்டர் செய்யும் முன்னும் ஆறிய பின்னும் அதை வைத்துப் பார்க்காமல் அடுத்த கட்டைக்குப் போவதில்லை.

ஸ்லீப்பர் அடுக்குகிறது யார் தெரியுமா, அம்மா. கட்டைக்குக் கட்டை 7 மில்லிமீட்டர் வர வேண்டும். நான் அளவுகோல் வைத்து ஒரு மணி நேரத்தில் அடுக்குவதை அவள் கண்ணாலேயே அடுக்கிவிடுகிறாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பூக் கட்டிய கை. மாணிக்கமாலைக்கு அரளிப் பூவை மடித்து மடித்து வரிசை பிடிப்பாளே, அதே வேகம். நான் அளந்து பார்த்தேன், அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. நீ போனில் "அப்பா கட்டுற ரயில்" என்கிறாய். இனிமேல் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்.

ஜல்லிக்கு மணவாளக்குறிச்சி மணலின் நிறம் நன்றாக இருக்குமே என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். அதில் இல்மனைட் என்கிற தாது இருக்கிறது, காந்தத்தில் ஒட்டும். என்ஜினுக்குள் மோட்டாரில் காந்தம் இருக்கிறது, துகள் உள்ளே போனால் மோட்டார் போச்சு. கதிர்வீச்சுள்ள மோனசைட்டும் கலந்த மணல், நாம் அள்ளிக்கொண்டு வரக்கூடியதும் இல்லை. கிரஷர் பொடியைச் சாயா வடிகட்டியில் சலித்தேன். அதன் மேலும் ஒரு காந்தத்தை மூன்று தடவை ஓட்டிய பிறகுதான் லைனில் போட்டேன். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு சொட்டு, ஊசி போடுகிற சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜல்லிக்குள் இறங்கிக் கல்லாகிவிடும். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் உருண்டு நின்று ஜல்லியைக் கலைத்துவிடும். லைனுக்கு வெளியே வயலுக்குத் தேங்காய்த் தும்பு நறுக்கிப் பச்சைச் சாயம் போட்டு நட்டாயிற்று. முப்பந்தல் காற்றாலையை மேசையில் வைக்க முடியாது, 50 மீட்டர்க் கோபுரமே 57 சென்டிமீட்டர் வரும். அதைப் படுதாவில் வரைந்துவிட்டேன், பின்னால் மலை.

இன்னும் ஒன்று செய்திருக்கிறேன், நீ வரும்போது கண்ணை மூடிக் கேட்க வேண்டும். முன்பெல்லாம் தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றும் 13 மீட்டர். ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் சக்கரம் தட்டும், நீ சின்னப் பிள்ளையில் அந்தத் தாளத்தில்தான் தூங்குவாய். இப்போது நீளமாக வெல்டிங் செய்துவிடுகிறார்கள், அந்தச் சத்தம் மெயின் லைனில் இல்லை. 13 மீட்டர் மேசையில் 15 சென்டிமீட்டர். தோவாளை லூப் லைனில் 15 சென்டிமீட்டருக்கு ஒருதடவை தண்டவாளத்தின் தலையில் அரத்தால் ஒரு கீறல் போட்டேன். எட்டுப் பெட்டியில் ஒன்றைத்தான் அதில் தள்ள முடிந்தது, அதுவும் கையால், ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி. ஆனால் கேட்டது. டக் டக், டக் டக்.

காற்றைப் பற்றி நீ கேட்டாய். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அறைக்குள் கொண்டுவந்து கொட்டுகிற புழுதி பெரிய தொல்லைதான். ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டிவிட்டேன். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் வாரம் ஒருதடவை துடைக்கிறேன். சால்டர் புகைக்குச் சின்ன ஃபேன் ஒன்று வெளியே பார்த்து வைத்திருக்கிறேன், நீ கவலைப்படாதே. இதுவரை ஆன செலவு 64,000 ரூபாய், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பென்ஷனை இது கடிக்கவில்லை. முதுகு வலிக்கிறதா என்றால், வலிக்கிறது. ஒரு மணி நேரம் வேலை, அரை மணி நேரம் நடை என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது உன் பார்சல் விஷயம். உன் ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மனியின் கோப்பிங்கனில் மெர்க்லின் என்கிற பொம்மை ரயில் கம்பெனி இருப்பதும், அவர்கள் 1859 லிருந்து இருப்பதும் எனக்குத் தெரியும். அவர்களுடைய என்ஜின் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னாய். உன் அன்பு புரிகிறது மக்கா, ஆனால் வாங்காதே. மெர்க்லின் ஏற்பாடு வேறு. ஸ்லீப்பர் நடுவில் உள்ள சின்னச் சின்னப் பொட்டுகளிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், திரும்பிப் போவது இரண்டு தண்டவாளம் வழியாகவும். அதனால் அவர்கள் சக்கரத்தில் இன்சுலேஷன் இல்லை. நம் லைனில் தூக்கி வைத்த உடனே ஷார்ட் ஆகிவிடும். ரெடியாக உள்ள தண்டவாளமும் வேண்டாம்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதை நீதான் செய்ய முடியும். 42 மீட்டரில் 40 மீட்டருக்கு மேல் 19.26 ல் போட்டு முடித்தாயிற்று. பெட்டிகள்தான் அலமாரியில் நிற்கின்றன. சக்கரத்தை அகலமாக்க நீளமான அச்சு வேண்டும். வடசேரிப் பட்டறையில் கடைந்து பார்த்தார்கள். அவர்கள் லேத் பம்ப் செட் தண்டு கடைகிற லேத், இவ்வளவு மெல்லிய கம்பியில் நுனி ஆடிவிடுகிறது. சக்கரம் ஓடும்போது தலையாட்டுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சனிக்கிழமை போகிற வொர்க்‌ஷாப்பில் கடிகார வேலைக்கு ஆன சின்ன லேத் இருக்கிறது என்று சொன்னாயே, அதில் செய்து பார்.

அளவு இதுதான். இப்போது பெட்டியில் உள்ள அச்சைவிட நீளம் 2.76 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டு நுனியும் இப்போது இருக்கிற அதே ஊசிமுனை, அதே கோணம், மழுங்கக் கூடாது. சக்கரத்தின் உள்முகத்திலிருந்து எதிர்ச்சக்கரத்தின் உள்முகம் வரை இப்போது 14.4, அது 17.16 ஆக வேண்டும். ஒரு சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இன்சுலேஷன் குழல் வர வேண்டும், எல்லா அச்சிலும் ஒரே பக்கம். மாதிரிக்கு ஒரு அச்சை இந்தக் கடிதத்தோடு அட்டையில் ஒட்டி அனுப்புகிறேன், கழற்றும்போது பார்த்து. பெட்டிக்கு நாலு அச்சு, எட்டுப் பெட்டிக்கு 32. முதலில் ஒரு பெட்டிக்கு நாலு மட்டும் போதும். என்ஜினுக்கு ஆறு அச்சு, அதில் பல்சக்கரமும் இருக்கிறது. அதை நீ வரும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம்.

அம்மா உனக்கு மாங்காய் வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். பேரனுக்கு என் முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அனுப்பும் முன் நாலு அச்சையும் வெர்னியரில் அளந்து, ஒவ்வொன்றின் அளவையும் சீட்டில் எழுதி அதிலேயே சுற்றி வை. ஒன்றுக்கொன்று 0.05 க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைத் தனியாகக் கட்டு.